லத்தேரி தாண்டி ஒரு குவாரி

ஆஸ்பத்திரி வாசலில் ஏறியவர் என்னை 'தாதா' என்றார்.
அவர் மொழியில் அண்ணன்.
எங்கள் ஊரில் அதற்கு அரிவாள் வேண்டும்.
வெட்டுக்குத்து இல்லாத தாதாவாக
பத்து வருஷமாய் ஓட்டுகிறேன்
காந்தி ரோடு லாட்ஜ்களுக்கும் ஓ.பி.க்கும் நடுவே.

நிமாய் மண்டல் மனைவிக்கு ஏதோ டெஸ்ட்.
நாலரை மணி வரை உள்ளே விடமாட்டார்கள்.
"மச்லி?" என்றார், கையை நெளித்துக் காட்டி.
மார்க்கெட்டுக்கு வண்டியைத் திருப்பினேன்.
தோளைத் தட்டி, இரண்டு விரலைச் சேர்த்து
மேலே சுண்டினார்.
ஓ, தூண்டில்.

சீட்டுக்கடியில் என்னுடையது எப்போதும் கிடக்கும்.

மெஷின்கள் போனபின் மழை நிரப்பிய குழி அது.
யாரோ ஜிலேபிக் குஞ்சு விட்டுப் போனார்கள்.
பெருகிப் பெருகி
வெளியேற வழியில்லாமல்
உள்ளங்கை அளவோடு நின்றுவிட்ட கூட்டம்.

எட்டிப் பார்த்தவர் ஓரடி பின்வாங்கினார்.
தண்ணீர் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும் தண்ணீர்.
இருபதடிக் கீழே பாறையில்
டிரில் போட்ட துளைகள் வரிசையாய்,
வெடியின் கருப்பு, ஒற்றைச் செருப்பு.
மீனுக்கு முன்னால் மீனின் நிழல்தான் கண்ணில் படும்.
அதற்கு நேர்மேலே தேடினால்
அந்தரத்தில் நிற்கும் ஒன்று, துடுப்பு மட்டும் அசைந்து.

அவர் ஊர்க் குளம் டீ நிறமாம்.
தக்கை அமுங்கினால் இழுக்கவேண்டியதுதான்,
வந்தது யாரென்று கரையில் தெரியும்.

மஞ்சள் சட்டையோடு நின்று வீசினார்.
அத்தனை நிழலும் ஒரே மடிப்பாய்
இடுக்குக்குள் போயிற்று.

சட்டையைக் கழற்றச் சொன்னேன்.
தக்கையை அறுத்தேன்.
ஈயக்குண்டைக் கடித்து எடுத்தேன்.
இருந்ததிலேயே மெல்லிய தங்கூசி.
சூரியன் முகத்திலடிக்க, நிழல் முதுகுக்குப் பின்னால் விழ
பாறையில் குப்புறப் படுத்தோம், இரண்டு தொப்பையும் சுட.
மண்புழுத் துண்டு
தன் கனத்தில் தானாக இறங்கியது.

ஒன்று வந்தது. முகர்ந்தது. விலகியது.
திரும்ப வந்தது. வாய்க்குள் இழுத்தது, துப்பியது.
எல்லாம் கண்ணெதிரே.
கண்ணெதிரே நடப்பதால்தான் கை அவசரப்படும்.
மூன்று தடவை வெறும் முள்ளை இழுத்தார்.
கவ்வியதும் இழுக்காதே,
அது முதுகைக் காட்டும் வரை பொறு என்று
எந்த மொழியில் சொல்வது?
அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"ஸ்கேன்," என்றார் திடீரென்று, உடைந்த இந்தியில்.
"டாக்டர் காட்டினார். எல்லாம் சாஃப். பில்குல் சாஃப்."
வியர்வை விரலால் பாறைமேல்
கோலிக்குண்டு அளவு ஒரு வட்டம் போட்டார்.
போட்டு முடிப்பதற்குள் காய்ந்தது.
எனக்கு இந்தியில் அதற்கு மேல் தெரியாது.
தமிழிலும்தான்.

மீன் கவ்வி, செவுள் மூடி, முதுகைக் காட்டியது.
பிடித்திருந்த மணிக்கட்டை விட்டேன்.

ஏழு. கடைசியாக வந்தது
முதுகு முள்ளால் அவர் கட்டைவிரலைக் கீறியது.
சப்பிக்கொண்டே சிரித்தார்.
லாட்ஜில் வாடகை அடுப்பு இருக்கிறது,
கடுகெண்ணெய் எதிர்க்கடையில்,
எனக்கும் ஒரு தட்டு என்றார், விரல்களாலேயே.
கடுகெண்ணெய் வாசம் எனக்கு ஆகாது.
சரி என்றேன்.

வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது.
மூன்றே முக்கால்.
பத்து வினாடிக்கு ஒருமுறை போனைப் பார்த்தார்.
காலிடுக்கில் வாளி.
குவாரிப் பாதையின் குலுக்கலில்
செம்மண்ணும் ரத்தமும் வழவழப்பும் கரைந்து
தண்ணீர் கலங்கிப்போயிருந்தது.
உள்ளே எது எங்கே என்று தெரியவில்லை,
அவ்வப்போது ஒரு வால் அடிக்கிற சத்தம் மட்டும்.

குனிந்து கையை விட்டு அளைந்தார்.
"தாதா," என்றார்,
"இதுதான் எங்க ஊர்த் தண்ணி."
கேட் திறக்கும்வரை கையை எடுக்கவில்லை.