திருப்பக்கூடாத சாடி

முதல் வருசம் செவ்வரத்தை வைத்தேன்.
மான் தின்றது.
இரண்டாம் வருசம் ரோசா, குரோட்டன்,
ஒரு நப்பாசையில் கறிவேப்பிலை.
மான் தின்றது. கறிவேப்பிலையை மட்டும்
ஒரு நாள் யோசித்துவிட்டுத் தின்றது.

திருகோணமலையில் வீட்டுக்கு மதில் வேண்டும்,
இல்லையென்றால் முள் வேண்டும்.
மதில் வீட்டுக்காரரின் பொறுப்பு. அவர் ரொறன்ரோவில்.
ஆகவே முள்:
பால்மா ரின்னில் ஐந்து, பெயின்ற் வாளியில் ஒன்று.
மரக்கறியோடு கொண்டுவந்து விற்ற நுவரெலியா லொறிக்காரன்
பெயர் கேட்டால்
ஆறுக்கும் கள்ளி என்றான்.

ஆடி முழுக்க, ஆவணி முழுக்க
அடுப்பைத் திறந்துவிட்டதுபோல் கச்சான் ஊதியது.
உப்புவெளி மணல் வந்து முள்ளிடுக்கில் குடியிருந்தது.
வேறு தேசங்களில் இது இலை உதிரும் காலமாம்.
இங்கே உதிர்வது
சுவரின் சுண்ணாம்பு.

வளர்ந்ததா என்று கேட்பவர்களுக்குச்
சுவரில் பென்சிலால் கீறிய கோட்டைக் காட்டுவேன்.
சித்திரையிலிருந்து ஒரு விரற்கடை.
அதிலும் பாதி என் ஆசை.

புரட்டாதி பதினொன்று.
பெயின்ற் வாளிக் கள்ளியின் விலாவில்
கம்பளி முடிச்சு ஒன்று.
பூச்சி என்று சவர்க்காரத் தண்ணீர் எடுத்துப் போனேன்.
மதில் இல்லாத எல்லையில் நின்று
நிலோபர் சொன்னாள்:
"கைய வெக்காதீங்க. மொட்டு அது."

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள்.
உள்ளே இருப்பதை வெளியே நின்று பார்த்துப் பழகியவள்.
அவள் தந்த விதி ஒன்றுதான்.
சாடியைத் திருப்பக்கூடாது.
எந்த வெளிச்சத்தைப் பார்த்து வந்ததோ
கடைசிவரை அதையே பார்க்கவேண்டும்,
இல்லாவிட்டால் குழம்பி உதிர்ந்துவிடும்.

பதினாறு நாள் திருப்பவில்லை.
முற்றம் கூட்டும்போது அதைச் சுற்றிக் கூட்டினேன்.
காயும் சேலையின் நிழல் விழாதபடி
கொடியை அவிழ்த்து மறுபக்கம் கட்டினேன்.
மொட்டு நீண்டு, வளைந்து,
பழைய தொலைபேசிக் கைபிடிபோல்
யாரோ எடுக்கட்டும் என்று நின்றது.

இருபத்தேழாம் நாள் பின்னேரம்
உட்துறைமுகத்துக்கு மேலே வானம் ஈயமாயிற்று.
வானொலி, மழை அடுத்த கிழமை என்றது.
என் முழங்கால், இன்றைக்கு என்றது.
குழலுக்குள் தண்ணீர் நின்றால் அழுகும்.
உள்ளே தூக்கிப்போனால் திரும்பும்.
குடையை எடுத்தேன்.

எட்டு மணிக்கு முதல் துளி.
இரவு வேலைக்குப் புறப்பட்ட நிலோபர்
ஓட்டோவை நிறுத்திவைத்துத்
தன் குடையையும் விரித்தாள்.
என்னுடையதில் ஒரு கம்பி ஒடிந்திருந்தது.
ஓட்டோக்கார விமலசிறி ஹெட்லைற்றைப் போட்டு
என்ன நடக்குது என்றார்.
என்னத்தைச் சொல்ல?
பெயின்ற் வாளி ஒன்றுக்கு
இரண்டு பேர் குடை பிடிக்கிறோம்.

ஒன்பது கடந்து திறந்தது.
சத்தம் கேட்டது என்று பிறகு எல்லாரிடமும் சொன்னேன். பொய்.
குடையில் விழுந்த மழைதான் கேட்டது.
ஒரு இதழ் பின்வாங்கியது. பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு எல்லாம் சேர்ந்து
வெள்ளை.
மணம் எலுமிச்சை என்றேன் நான்.
புதுச் சவர்க்காரம் என்றாள் அவள்.
விமலசிறி, பன்சலை வாசம் என்றார்.
ஒத்துப்போகவில்லை.

நிலோபர் மணிக்கூட்டைப் பார்த்தாள். போகவில்லை.
மறுபடி பார்த்தாள்.
குடையை என் கையில் தந்துவிட்டுப் போனாள்.

விடிந்தபோது பூ
நனைந்த கையுறைபோல் தொங்கியது.
ஒழுங்கையால் ஒரு மான் வந்தது, அவசரமில்லாமல்.
விரட்ட எழும்பவில்லை நான்.
எங்கே நின்றால் எட்டும் என்று
இரண்டு தரம் இடம் மாறி,
முள்ளுக்கு விலக்கி உதட்டைச் சாய்த்து,
வாடிய பூவை மட்டும் பறித்து
மென்றபடி என்னைப் பார்த்தது.

அதற்குப் பிறகுதான் சாடியைத் திருப்பினேன்.
இத்தனை நாளும் சுவரையே பார்த்திருந்த விலாவில்
கம்பளி முடிச்சு
இரண்டு.

உடனே பழையபடி வைத்தேன்.
பழையபடிதானா, தெரியவில்லை.