தாளில் தட்ட முடியாது

பூன் லே கடைத்தொகுதி, மேல்தளம்.
பாஸ்போர்ட் படம், சாவி நகல், அச்சு.
கறுப்பு வெள்ளை, பக்கத்துக்குப் பத்துக் காசு.
எனக்கு முன்னால் நின்றவர்
மழைக்கோட்டைக்கூடக் கழற்றவில்லை.
இயந்திரம் துப்பிய ஏழு தாளையும்
மேசையில் பரப்பி எதையோ தேடினார்.

முதல் தாளைக் கண்டதுமே எனக்கு வயிற்றைக் கலக்கியது.
நான் வடிவமைத்த பக்கம்.
கண் அறுவைக்குப் பின் கவனிக்க வேண்டியவை.
திரையில் அதன் கருநீலம்
நள்ளிரவுக் கடல் மாதிரி என்று சொல்லி
கூட்டத்தில் கைதட்டு வாங்கியிருந்தேன்.
தாளுக்கு வந்ததும் கடல் வற்றிவிட்டது.
வெள்ளையில் வெளிர்ச்சாம்பலாய் எழுத்து மட்டும்.

இரண்டாம் தாள் முழுக்க
முகப்பு, எங்களைப் பற்றி, வேலைவாய்ப்பு.
மூன்றில் ஒரு மருத்துவரின் பாதிச் சிரிப்பு,
மீதி நான்கில்.
ஒவ்வொரு தாளின் அடியிலும்
கடைசி மூன்று வரிமேல் ஏறி உட்கார்ந்து
குக்கீகளை ஏற்கிறீர்களா என்று கேட்கிறது ஒரு பட்டை.

‘இங்கே தட்டவும்’ என்ற இடத்தில்
அவர் விரலால் ஒரு தட்டுத் தட்டினார்.
விளையாட்டாகத்தான்.
கடைக்காரர் மீராசா சிரித்தார்.

மனைவியால் கைபேசியைப் பார்க்க முடியாதாம்,
குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைக்கவாம்.
எந்தச் சொட்டு எத்தனை மணிக்கு,
அது தெரிந்தால் போதும்.
அது பட்டைக்கு அடியில் இருந்தது.

திங்கட்கிழமை.
‘இப்போதெல்லாம் யார் அச்செடுக்கிறார்கள்?’ என்றாள் ஹுய் மின்.
எங்கள் கணக்கில் அப்படியோர் எண்ணே இல்லை.
எண்ணாதவரை அவர்களும் இல்லை.

அன்றிரவு உட்கார்ந்து எழுதினேன்:
மேல்பட்டியே, ஒளிந்துகொள்.
குக்கீயே, நீயும்.
டாக்டர், மன்னியுங்கள், சிரிப்பு வேண்டாம்.
எழுத்தே, கறுத்துப் போ.
அட்டவணையே, என்ன ஆனாலும் நடுவில் உடையாதே.
தட்டச் சொன்ன இடமெல்லாம்
கையால் எழுதிக்கொள்ளும் அளவுக்குச் சின்ன முகவரி,
கூடவே ஒரு தொலைபேசி எண்.

சனிக்கிழமை மறுபடி பூன் லே.
ஒரே தாள்.
சொட்டின் பெயர், மணி, போட்டதும் குறிக்க ஒரு கட்டம்.
மேலே காந்தத்துக்காக
இரண்டு விரல் அகலம் சும்மா விட்டிருந்தேன்.

மீராசா தாளைத் திருப்பிப் பார்த்தார்.
பின்பக்கம் ஒன்றுமில்லை.
‘ஒரு பக்கந்தானா?’ என்றார்,
அறுபது காசு குறைந்த குரலில்.