ஓர் இரவுக்கு இரவல்

கோழி ஆலையில் மூன்றாண்டு
தொடையெலும்பு நீக்கிச் சேர்த்த பணம்
ஜுசாராவின் இடது காலுறைக்குள் இருந்தது.
பாலத்தின் இந்தப் பக்கம் பிரேசில்,
அந்தப் பக்கம் பராகுவே.
நடுவில் ஆறு
தன்பாட்டுக்குச் சிவப்பாக.

ஆறாவது மாடி. மின்தூக்கி ஓடவில்லை.
எவெலியோ ரோலோன்
குளிர்ந்த மாத்தேயை உறிஞ்சிக்கொண்டே கேட்டார்:
"என்ன விளையாடப் போகிறாய்?"
கீழே நான்கு கடைகளில்
"பையனுக்கா?" என்றுதான் கேட்டார்கள்.
முப்பத்தெட்டு வயதில்
முதன்முதலாக ஒருவர் அவளைக் கேட்கிறார்.
"கார்" என்றாள்.
"மழையில் ஓட்டுகிற கார்."

கண்ணாடிமேல் இரண்டு செயலிகளை வைத்தார்,
பிஸ்கட் அளவில்.
ஒன்றுக்கு எட்டு மூளை, மற்றதற்கு ஆறு.
எட்டை வாங்கினால்
பலகைக்கு மிஞ்சும் காசில் கிடைப்பது
ரோலோனே பார்வையைத் தாழ்த்திக்கொண்டு காட்டும் ரகம்:
நினைவகத்துக்கு இரண்டே பொந்து,
மின்சாரம் இறங்கும் இடத்தில்
கவசமில்லாத வெற்றுச் சில்லுகள்.
"டிசம்பரில் இது அழும்" என்றார்.

செயலிதான் குதிரை, பலகை வெறும் லாயம் என்று
பக்கத்து மேசை ஜந்திரா
கத்தி தீட்டும்போதெல்லாம் சொல்வாள்.
லாயம் ஒழுகினால் குதிரை என்ன செய்யும்,
நனையும்.

அவர்கள் மொழியிலும் அது தாய்ப்பலகைதான்.
பேர் வைத்தவன் ஆணாக இருக்கவேண்டும்.
எல்லாரும் வந்து செருகிக்கொள்கிற இடத்துக்கு
வேறென்ன பேர் தோன்றும் அவனுக்கு.

ஆறை எடுத்தாள். நல்ல பலகையை எடுத்தாள்.
"குழிக்கும் இதற்கும் பொருத்தம்தானே?"
"ஊசி எண்ணிப் பார்த்த பொருத்தம்" என்றார்.

பாலத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்தார்.
ரசீதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.
"பையனுக்கா?"
ஆமாம் என்றாள்.
பேருந்து கிளம்பிக்கொண்டிருந்தது.

சமையல் மேசையில்
நெம்பியை அழுத்தியபோது நறநறவென்று ஒரு சத்தம்.
கேட்ட எவரும் கையை எடுத்துவிடுவார்கள்.
எந்த முறிவு சரி, எந்த முறிவு தவறு என்று
ஆலையில் பழகிய காது அவளுக்கு.
மேலும் அழுத்தினாள்.

விசிறிகள் சுற்றின. திரை கறுப்பு.
பலகையின் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி
அணையவே இல்லை.

ரோலோன் தொலைபேசியில் கொட்டாவி விட்டார்:
"பலகை போன வருஷத்துது, செயலி இந்த மாசத்துது.
இவன் பேரை அதுக்கு இன்னும் யாரும் சொல்லலை.
பழைய செயலி ஒண்ணை வச்சு எழுப்பு,
புதுப் பேரைச் சொல்லிக் கொடு,
அப்புறம் இவனை உள்ள விடு.
என் தப்புதான். நான் பார்த்திருக்கணும்."

காஸ்கவேல் முழுவதிலும்
அவளுக்குத் தெரிந்த பழைய செயலி ஒன்றுதான்.
ஒதாயிரின் பெட்டிக்குள் இருப்பது.
அவள் சங்கிலியை அடகு வைத்து அவன் வாங்கியது.
தூசி தட்ட மட்டும் அவள் தொட்டது.
பிரிந்து ஐந்து வருடம்.

"ஓர் இரவுக்கு இரவல் வேண்டும்."
சங்கிலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
அவனும் சொல்லவில்லை.
மறுமுனையில் திருப்புளி தேடும் ஓசை கேட்டது.

முட்டை அட்டையில் வைத்துக் கொண்டுவந்தான்.
தலைக்கவசத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.
"உனக்கா?" என்றான்.
"எனக்கு."
"நல்ல பலகை" என்று எட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனான்.

செயலியின் முதுகில் காய்ந்த பசையை
உப்புத்தாளாய் இருந்த விரலாலேயே தேய்த்தாள்.
பிறகுதான் சாராயமும் துணியும் நினைவு வந்தன.
திரை எழுந்தது.
நூற்றுக்கு நான்கு, நூற்றுக்கு ஒன்பது,
இடையில் மின்சாரம் போய்விடக் கூடாது என்று
குளிர்பெட்டியைக்கூட நிறுத்திவைத்தாள்.

மூன்றரைக்குத் தன் செயலியை உள்ளே விட்டாள்.
வெள்ளை எழுத்தில் அதன் பேர் வந்தது,
முழுப்பேர், எண்ணோடு.
ஆறு என்று எழுதியிருந்ததை இருமுறை படித்தாள்.

நான்குக்கு ஆலைப் பேருந்து.
காரும் இல்லை, மழையும் இல்லை,
விளையாட்டு ஒன்றுகூட இன்னும் ஏற்றவில்லை.
இரவல் வாங்கியதைத் துடைத்து
முட்டை அட்டையில் வைத்தாள்.

பேருந்தில் எல்லாரும் தூங்கினார்கள்.
அவளும் தூங்கினாள்.
வலது பெருவிரல் மட்டும்
எங்கோ ஒரு வளைவை
மெல்ல மெல்லத் திருப்பிக்கொண்டிருந்தது.