விரிசல் எண் பதினேழு

கேமராவுக்குக் கம்பெனி கொடுத்தது எட்டாயிரம்.
போன் கூடாதாம். தேதியை மாற்றலாமே என்று
ஏதோ ஒரு வழக்கில் யாரோ கேட்டுவிட்டாராம்.
கேமராவிலும் மாற்றலாம்.
நான் சொல்லவில்லை.

ரிச்சி தெருவில் மழை விட்டுப் பத்து நிமிடம்.
ஒயர்க் கட்டுகளின் மேல் பாலிதீன் இன்னும் சொட்டுகிறது.
சுக்ராஜ் இரண்டை எடுத்து வைத்தார்,
கண்ணாடி துடைத்த ஈரம் காயுமுன்.
கறுப்பு, ஐயாயிரத்து இருநூறு.
சாம்பல், ஏழாயிரத்து எண்ணூறு.

"சாம்பல்ல கைநடுக்கம் தாங்கும் சார்.
உள்ள ஒரு வில்லை மிதக்குது.
நீங்க இந்தப் பக்கம் ஆடினா
அது அந்தப் பக்கம் ஆடும்."

அந்தப் பக்கம் ஆடுவதற்கு
இரண்டாயிரத்து அறுநூறு ரூபாய்.

என் கை நடுங்காது என்றேன்.
"நடுங்குதுன்னு சொல்லி யாரும் இங்க வரல சார்"
என்றபடி பேட்டரியைத் தட்டிப் போட்டார்.

எதிர்க்கடை ஷட்டரில் பெயின்ட்டில் ஒரு போன் நம்பர்.
இரண்டிலும் எடுத்தேன், கால் நொடி வைத்து.
கறுப்பில் மூன்றுகள் எல்லாம் எட்டாகிவிட்டன.
சாம்பலில் மூன்று மூன்றாகவே இருந்தது.
நடுவே போன மீன்பாடி வண்டி மட்டும்
இரண்டிலும் ஒரே இழுப்பு.
"எதிர்ல ஆடுறத எதுவும் தாங்காது சார்,
அதுக்கு வெளிச்சம்தான் வேணும்."

வெளிச்சம் என் வேலையில் கிடையாது.
சுரங்க ரயிலுக்கு மண்ணைக் குடையும் எந்திரம்
அடியில் வருமுன்
மேலே இருக்கும் வீடுகளுக்குள் போய்
விரிசல்களைப் படமெடுக்கிறேன்:
பீரோவுக்குப் பின்னால், மாடிப்படி வளைவில்,
சாமிப் படத்தை நகர்த்தி.
பிளாஷ் போட்டால் சுண்ணாம்பு வெளுத்து
விரிசல் இல்லாமலே போய்விடும்.
இடது கையில் ஸ்கேல், வலது கையில் கேமரா.
ஒற்றைக் கை என்பதை
அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன்.

நூறு ரூபாய் குறைத்து, உறை ஒன்று சேர்த்து
சாம்பலைக் கொடுத்தார்.

அயனாவரம். இரண்டாம் மாடி. இரவு பத்தேகால்.
எந்திரம் அன்று அந்தத் தெருவுக்கு அடியில்.
எஸ்தர் ஜெபமணி போன் செய்து கத்தியிருந்தார்:
"இப்ப வாங்க. காலையில வந்து என்னத்தப் பாப்பீங்க?"

அலமாரியில் டம்ளர்கள்
ஒன்றோடொன்று பல் கிட்டிக்கொண்டிருந்தன.
தரை என் செருப்பில்லாத காலில்
பூனையின் வயிறு போல உறுமியது.
ஜன்னலோரம், விரிசல் எண் பதினேழு.
ஸ்கேல் வைத்தேன், மூச்சைப் பாதியில் நிறுத்தினேன்.

படம் அருமை.
அரை மில்லிமீட்டர் கோடு, மயிரிழை சுத்தம்.
பக்கத்துக் காலண்டரில் ராகுகாலம்கூடப் படிக்கலாம்.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப்
பின்திரையைப் பார்த்தார், வெகுநேரம்.
"இதுல ஆடவே இல்லையே தம்பி.
இதக் காட்டி, நான் பொய் சொல்றேன்னு சொல்லுவாங்களே."

ஆபீஸில் அப்படித்தான் சொல்வார்கள்.

மெனுவுக்குள் போய் மூன்றாம் பக்கத்தில்
கை உருவத்தை அணைத்தேன்.
மறுபடி எடுத்தேன்.
பதினேழு இரண்டாகப் பிரிந்து
ஸ்கேலின் கோடுகள் புல்லாய்ச் சாய்ந்தன.

"ம், இது" என்றார்.

இதில் எவ்வளவு வீடு, எவ்வளவு நான்,
பைக்கில் அவசரமாக வந்து
இரண்டு மாடி ஏறியது எவ்வளவு?
என் கை நடுங்காது என்று
கடையில் சொன்னவன்தானே நான்.

படிவத்தில் ஒரு படத்துக்குத்தான் இடம்.
தெளிவாக இருத்தல் வேண்டும் என்று
கீழே சிறிய எழுத்தில்.

அவர் டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்து
நடுவில் துணி சொருகிக்கொண்டிருந்தார்.
நான் பேட்டரியைப் பார்த்தேன்.
இன்னும் இரண்டு கோடு இருந்தது.