கணக்கில் நான்கு குறைகிறது

ஐப்பசியில் லாட்ஜ் துணி காயாது.
மொட்டைமாடிக் கொடியில் அறுபது பெட்ஷீட்
ஈரத்தோடு தொங்கி
கோட்டை மதிலை மறைத்துக்கொள்ளும்.
தொட்டுப் பார்ப்பேன், முகர்ந்து பார்ப்பேன்.
மேலே டெட்டால், அடியில் ஆள் வாசம்.
எத்தனை அலசினாலும்
காலி செய்யாத ஆள்கள் உண்டு.

கிழிந்ததற்கு என்னிடம் ஒரு முறை இருக்கிறது.
நடுவில் நைந்தால் ஓரத்தை வெட்டித் தலையணை உறை.
உறையும் நைந்தால் அடுப்பங்கரைக் கரித்துணி.
அதுவும் போனால் மாடிப்படி துடைக்க.
"தாட்சாயணி, உன் கையில எதுவும் சாகாது"
என்பார் மேனேஜர் இதயத்துல்லா.
ஆஸ்பத்திரிக்கு எதிர்த்தெருவில் நின்று
சொல்கிற பேச்சா அது.

பன்னிரண்டாம் நம்பர் மிட்டு
அகர்தலாவிலிருந்து காட்பாடியில் வந்து இறங்கி
நாற்பது நாள்.
அப்பாவுக்கு வார்டு, அம்மாவுக்கு வரிசை,
இவளுக்கு மொட்டைமாடி.
தமிழில் பாதி பிடித்துவிட்டாள்.
"அக்கா, நாலு பேய் வேணும்."

எனக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாள்
அவர்கள் ஊரில் பேய் வருகிற ராத்திரியாம்.
பதினாலு கீரை தின்று
பதினாலு விளக்கு வைப்பார்களாம்.
இங்கே கீரையும் இல்லை, விளக்கும் இல்லை,
பெட்ஷீட் மட்டும்
வேண்டிய அளவு இருக்கிறதே என்றாள்.
பின்னால் மூன்று பையன்கள்:
சில்சார்க்காரன், மால்டாக்காரன்,
நம் வாட்ச்மேன் மகன் ஞானசுடர்.

வெள்ளையைத்தான் கேட்டார்கள். பேய்க்கு அதுதானே.
அலமாரியைத் திறந்தேன், எடுத்தேன்,
கை நின்றுவிட்டது.
தலைவரை இழுத்து மூடுகிற வெள்ளையை
இந்தப் பிள்ளைகள் தள்ளுவண்டியில்
பார்த்திருப்பார்கள்.
பார்த்துவிட்டும் விளையாடத் தெரிந்தவர்கள்.
எனக்குத்தான் தெரியவில்லை.

"வெள்ளை ஸ்டாக் இல்ல" என்று
கூசாமல் பொய் சொன்னேன்.

ரோஜாப்பூ போட்டது ஒன்று,
நீலக் கட்டம் ஒன்று,
யாரோ விட்டுப்போன குடியாத்தம் கைலி இரண்டை
மூட்டி ஒன்று,
மயில் போட்ட டபுள் காட் விரிப்பு,
தோகையில் டிஞ்சர் கறையோடு.
தலையில் கவிழ்த்து, கண் எங்கே வருமென்று
கரியால் குறித்தேன்.
உள்ளிருந்து மூச்சு வந்து
ரோஜாப்பூ உப்பியது, அமுங்கியது.
"அசையாதடி பேயே" என்றேன்.
பேய் சிரித்ததில் ஒரு கண்
காதுப்பக்கம் போய்விட்டது.

ஏழரைக்குக் கரண்டு போனது. நல்லதாயிற்று.
நாலு பேயும் நடையில் இறங்கின,
நெற்றியில் லாட்ஜ் முத்திரையோடு.
நாலாம் நம்பரில் கடுகெண்ணெய் வாசத்தோடு
பொரித்த மீன் கிடைத்தது.
ஆறில் ஒரு அம்மாள் பயந்ததுபோல் பயந்து
அதிரசம் கொடுத்தாள்.
ஒன்பதாம் நம்பர் கதவு திறக்கவில்லை.
பேய்கள் தாமாகவே குரலை இறக்கி,
விரிப்பைத் தூக்கிப் பிடித்து
நுனிக்காலில் கடந்தன.

பன்னிரண்டில் மிட்டுவின் அப்பா,
மொட்டையடித்த தலை, முந்தாநாள்தான்
வார்டிலிருந்து அனுப்பியிருந்தார்கள்.
மயில் பேயை மேலும் கீழும் பார்த்து
அவர் பாஷையில் ஏதோ கேட்டார்.
மற்ற மூன்றும் விழுந்து விழுந்து சிரித்தன.
ஞானசுடருக்கு ஒன்றும் புரியாமலே சிரிப்பு.
பிறகு மிட்டு எனக்குச் சொன்னாள்:
"எந்த ரூம்? அட்வான்ஸ் கட்டியாச்சா?"

மயில் பேய் பதில் சொல்லவில்லை.
கட்டிலில் ஏறி
அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டது.
இருட்டில் விரிப்பு யார் மேல் கிடந்தது,
யார் அடியில் கிடந்தது,
தெரியவில்லை.

மறுநாள் நோட்டோடு வந்தார் இதயத்துல்லா.
"பெட்ஷீட் நாலு குறையுதே?"
கொடியில் நாலும் தொங்கிக்கொண்டுதான் இருந்தன,
எட்டு ஓட்டையோடு,
மழையைப் பார்த்தபடி.
"கண் பட்டுடுச்சு சார்."
அவரும் நிமிர்ந்து பார்த்தார்.
அப்படியே எழுதிக்கொண்டார்.

வெட்டி எடுத்த எட்டு வட்டமும்
என் இடுப்பு முடிச்சில் இருக்கின்றன,
ரோஜாவில் ரெண்டு, மயிலில் ரெண்டு என்று.
உறைக்கு ஆகாது, துடைக்கவும் ஆகாது.
எதற்கு ஆகும் என்று
இன்னும் யோசிக்கவில்லை.