பதினேழாம் கோடு

வாழைச்சேனைத் துறையிலிருந்து கிழக்கே எழுபது கடல்மைல்.
கப்பல் எட்டு வடங்களை இழுத்துப் போகிறது,
ஒவ்வொன்றும் கல்குடாவிலிருந்து கிரான் வரைக்கும் நீளம்.
பத்து செக்கனுக்கு ஒருதரம் வெடி.
மூவாயிரம் மீற்றர் தண்ணீர், அதன்கீழ் சேறு,
சேற்றின்கீழ் இன்னும் பழைய சேறு;
ஒலி எல்லாவற்றையும் தட்டிக் கேட்டுவிட்டுத்
திரும்பி வரும்.

நான் கேட்க வேண்டியது அதையல்ல.
முன்னால் ஓடும் காவல் போட்டில்
பதினாறாம் சனலும்
ஆறிப்போன பிளேன்ரீயும் என் பொறுப்பு.
"விலகண்ணே, விலகு. வடம் வருது."
தமிழில் ஒருதரம், சிங்களத்தில் ஒருதரம்.
குரலை வைத்தே ஊர் சொல்லுவேன்:
இவன் வாகரை, இவன் கல்முனைக்குடி,
இந்தத் தும்மல் திருகோணமலை.

பின்னிரவு இரண்டே காலுக்கு
ராடாரில் ஒரு புள்ளி, விலகாமல்.
கூப்பிட்டேன். மறுகாவும் கூப்பிட்டேன்.
ஒரு இருமல்.
பேத்தாழைச் சித்திரவேல்.

"விலகச் சொல்றாய். எதால விலகுற?
எண்ணெய் முடிஞ்சி ரெண்டு நாள்.
நீரோட்டம் கொண்டுபோற பக்கம் போறன்."

கப்பலுக்குப் பிரேக் இல்லை.
நின்றால் வடங்கள் தாழும்,
திரும்ப மூன்று மணித்தியாலம்.
ரஷ்யக் கப்டன் கேட்டார்:
அந்த மனுசனுக்கு என்னதான் வேணுமாம்?
டீசல், என்றேன்.
சற்றுநேரம் கரகரப்பு மட்டும்.
பின்னால் யாரோ சிரித்தார்கள்;
அவர் சிரிக்கவில்லை.

இரண்டு கேன், நாற்பது லீற்றர்.
எங்கள் அலை ஏறும்போது எறிந்த கயிற்றை
அவன் அலை இறங்கும்போது பிடித்தான்.
டோச் வெளிச்சத்தில் முகம் தெரியவில்லை,
ஐஸ் கரைந்த பெட்டியின் சூரை மணம்தான் வந்தது.
ஊற்றினான். எஞ்சின் எடுக்கவில்லை:
குழாய் முழுக்கக் காற்று.
நட்டைத் தளர்த்தி, கைப்பம்பை அமத்தி அமத்தி
நுரை நின்று டீசல் வரும்வரை
தூசணம் சொன்னான்,
எனக்கும், கப்பலுக்கும்,
போன வருசத்து எண்ணெய்க் கியூவுக்கும்,
கியூவில் நம்பரைத் தவறவிட்ட மச்சானுக்கும்.

எஞ்சின் எழும்பியபோது
கப்பல் வெடியை நிறுத்தி வளைந்தாயிற்று.
நாலு கிலோமீற்றர் கேளாமல் போயிற்று.

போகமுன் கேட்டான்:
"கிடைச்சா, எப்ப கரைக்கு வரும்?"
கிணறு துளைச்சு, கடலடியில் குழாய் போட்டு...
பத்து வருசம். பதினஞ்சும் ஆகும்.
"அப்ப இந்த நாற்பதை எழுதி வை.
அதில கழிச்சுத் தாறன்."

பதிவேட்டில் நான் எழுதியது:
மூன்று ஐம்பது. தடை அகன்றது.

கிழமை முடிவில் கப்பலில் ஏறினேன்.
தரவறையில் மரீனா படத்தை விரித்திருந்தாள்,
கறுப்புக் கோடுகளாகப் பூமி,
மடிந்து, நிமிர்ந்து, ஓரிடத்தில் கூனி.
அந்தக் கூனுக்குத்தான் இத்தனை காசும்.
கூன் ஏறத் தொடங்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் துண்டு.
இங்கே என்ன, என்று விரலை வைத்தாள்.
சித்திரவேல், என்றேன்.
எழுத்துக்கூட்டச் சொல்லி
பதினேழாம் கோட்டின் ஓரத்தில்
பென்சிலால் குறித்துக்கொண்டாள்.

வாடைக்கு முன் கப்பல் போய்விட்டது.
அந்த நாலு கிலோமீற்றரை
யாரும் திரும்ப வந்து கேட்கவில்லை.

துறையில் ஒருநாள்
ஒரு கேனைத் திருப்பித் தந்தான் சித்திரவேல், கழுவி.
மற்றதில்
குடிதண்ணீர் பிடித்து வைத்திருக்கிறானாம்.