அடியில் ஒரு துளை

கப்பலில் என் வேலை கசிவு பார்ப்பது.
ஹீயுமா தீவுக்கும் கரைக்கும் நடுவே
ஒன்றேகால் மணி நேரம் ஓடுகிற படகு;
அதன் எஞ்சின் அறையில்
எந்த ரப்பர் வளையம் எப்போது காலை வாரும் என்று
நகத்தால் அழுத்திப் பார்த்தே சொல்லிவிடுவேன்.
இருபத்தோரு வருடம்.
யாரும் என்னை மறுத்துப் பேசியதில்லை.

லோரேவுக்கு ஆறு மாதம்.
ஈறு தடித்து, கன்னம் கன்றி,
அகப்பட்டதையெல்லாம் கடிக்கிறாள்:
என் காலர், நாற்காலி முனை,
மாரிகாவின் முகவாய்.
தபாலில் வந்தது அந்தக் கடல்நாய்.
உள்ளங்கை அளவு, சாம்பல் நிறம், அசல் ரப்பர்.
அழுத்தினால் 'கீ' என்றது.
அவளும் 'கீ' என்றாள்.
அதற்கு மேல் அவர்களுக்குள் பேச்சு தேவைப்படவில்லை.

பெட்டிக்குள் மடித்த தாள் ஒன்று.
பன்னிரண்டு மொழிகளில் ஏதோ எழுதியிருந்தது.
நான் படிக்கவில்லை.
ரப்பரைப் பற்றி
எனக்கா?

இரவுதோறும் கொதிநீரில் போட்டேன்.
முங்கி, திணறி,
குமிழி குமிழியாய் மூச்சு விட்டது.
அடுப்பை அணைத்து, உதறி,
துணிமேல் கவிழ்த்து வைத்து
ஒரு நல்ல தகப்பனின் தூக்கம் தூங்கினேன்.

பிப்ரவரியில் ஒரு மாலை
குளியல் தொட்டியில் அவள் அதைப் பிழிந்தபோது
தண்ணீரில் மிளகுத்தூள் போல
என்னவோ மிதந்தது.
முகர்ந்தேன்.
மழைக்காலத்துச் சாக்கு வாடை.

கத்தி எடுத்து வயிற்றோடு கிழித்தேன்.
சுவரெங்கும் கருப்புப் பூசணம்.
வெளியே அத்தனை பளபளப்பு.
அடியில், 'கீ' பிறக்கிற இடத்தில்,
ஒரு கடுகு நுழையும் துளை.
காற்று போகிற வழியில் தண்ணீரும் போகும்;
புதிதாகச் சேர்கிறவர்களுக்கு
முதல் நாளே நான் சொல்கிற பாடம் இது.

துண்டுக்குள்ளிருந்து லோரே எல்லாவற்றையும் பார்த்தாள்.
பிறகு வீரிட்டாள்.
அவளுக்குத் தெரிந்தது பூசணம் அல்ல,
கத்தி.

மாரிகா திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.
அந்தத் தாளைத் தேடியெடுத்து, கையால் நீவி,
பிரிட்ஜ் கதவில் ஒட்டினாள்.

புதியது வந்தது. அதே அச்சு, அதே மீசை.
லோரே ஒருமுறை கடித்து எறிந்தாள்.
நான்கு நாள் கழித்துத்தான் மன்னித்தாள்,
என்னை அல்ல, கடல்நாயை.

இப்போது கொதிநீர் இல்லை, முக்கல் இல்லை.
பிழிந்த ஈரத்துணி, ஒரு பொட்டு சோப்பு,
துளைமேல் என் கட்டைவிரல்.
சோப்பு போக இன்னொரு துணி.
தொட்டிக்கு வருவதில்லை;
கதவோரம் காய்ந்தபடி காத்திருக்கும்.
சன்னலில் வைக்காதே, வெயில் ரப்பரைத் தின்றுவிடும்
என்கிறாள் மாரிகா.
இங்கே எங்கே வெயில் என்றேன்.
ஜூன் வருமே என்றாள்.

வெளியே மைனஸ் பதினான்கு.
ஆனாலும் உறையக் கூடாதாம், குளிர்ந்தால் போதுமாம்.
வெண்ணெய்க்கும் ஊறுகாய் வெள்ளரிக்கும் நடுவே
கால் மணி நேரம் படுத்துக் கிடக்கும்.
பிறகு அந்தத் தடித்த ஈறில் அது படும்போது
லோரேவின் கண் மெல்லச் சொருகும்.
தூங்கியதும் பிடியிலிருந்து உருவிவிடுவோம்;
தொட்டிலுக்குள் அதற்கு இடமில்லை.

மாரிகாவின் தங்கை பிரெத் வந்திருந்தாள்.
கீழே விழாமல் இருக்கட்டும் என்று
சிவப்பு ரிப்பனில் கோத்துக் குழந்தையின் கழுத்தில் போட்டாள்.
அழகாகத்தான் இருந்தது.
மாரிகா கத்தரிக்கோலோடு வந்தாள்,
வெட்டினாள்,
காபி ஊற்றினாள்.
யாரும் ஒன்றும் பேசவில்லை.

நேற்று பராமரிப்புக் குறிப்பேட்டில் எழுதினேன்:
குளிர்நீர்க் குழாய் வளையம், மாற்றப்பட்டது.
கை நிற்காமல் அடுத்த வரிக்கு இறங்கியது:
கடல்நாய். வெடிப்பு இல்லை.
பிசுபிசுப்பு இல்லை.
இழுத்துப் பார்த்தாயிற்று.

தலைமைப் பொறியாளர் ஆர்வோ
கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறார்.
படித்துவிட்டுப் போட்டாரா,
இல்லை என் மாதிரியா,
கேட்க வாய் வரவில்லை.